கனமான ஆயுதம்

ஜீப்பை விட்டு இறங்காமலே பைனாகுலரில் பார்த்தார் சப் இன்ஸ்பெக்டர் சாம்பசிவம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வரப்பில் இரண்டு கூலிக்காரர்கள். இருவர் தோளிலும் துப்பாக்கி!

குறுவை அறுப்புக்குக் கூலி நெல் கூடுதலாகக் கேட்டு பாபநாசம் பக்கம் வேலைநிறுத்தம். மிராசுதார் பட்டாபிராமன் போலீஸ் பாதுகாப்பு கேட்டிருந்தார். ஏட்டு பக்கிரியையும் ஒரு கான்ஸ்டபிளையும் துப்பாக்கியோடு களத்துக்கு அனுப்பிவிட்டு, சாம்பசிவம் ரோட்டையே காவல் காத்தார். வழியெல்லாம் சேறு. அவருடைய பூட்ஸோ புதுசு.

சாயங்காலம் பக்கிரி திரும்பி வந்தார்.

"அங்க எவனாவது துப்பாக்கி வச்சிருந்தானாய்யா?"

"நம்மளைத் தவிர யாருங்கய்யா வச்சிருக்கப் போறா?"

பயந்தாங்கொள்ளி, பார்த்ததை மறைக்கிறான் என்று சாம்பசிவம் முடிவு கட்டினார். மறுநாள் நாலு பேரை அனுப்பினார். வரப்பில் நாலு துப்பாக்கி தெரிந்தது.

தஞ்சாவூரில் இருந்த மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"நாம ஆளைக் கூட்டக் கூட்ட அவங்களும் கூட்டுறாங்க சார். இந்த ஓட்டைத் துப்பாக்கியை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. கனமா ஏதாவது அனுப்புங்க."

"எவ்வளவு கனமா?"

"இருக்கறதுலயே கனமா சார்!"

மூன்றாம் நாள் வேன் நிறைய ரிசர்வ் போலீஸ் வந்தது. கூடவே பச்சைப் பெட்டியில் மிஷின் கன். தேவைப்பட்டால் சுடலாம் என்று உத்தரவும் வந்தது. எல்லோரையும் களத்துக்கு அனுப்பிவிட்டு சாம்பசிவம் பைனாகுலரை எடுத்தார்.

வரப்பு நெடுகக் கூலிக்காரர்கள். தோளுக்குத் தோள் துப்பாக்கி. முன்னால் வந்த பொம்பளை தலையில் அந்தப் பச்சைப் பெட்டி!

போச்சு, நம்ம ஆட்களை முடித்துவிட்டார்கள் என்று பதறி, பூட்ஸோடு சேற்றில் இறங்கி ஓடினார்.

"நில்லுங்க! சுட்டுடுவேன்!"

ரிவால்வரைக் கண்டதும் வரிசை அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் போலீஸ்காரர்கள் முழுசாக வந்துகொண்டிருந்தார்கள். கால்சட்டையைச் சுருட்டி, பூட்ஸைக் கையில் பிடித்திருந்தார்கள்.

"பக்கிரி! துப்பாக்கிய ஏன்யா இவங்ககிட்ட குடுத்த?"

"ஒரே சேறுங்கய்யா. வழுக்கி விழுந்தா கவர்மெண்டு சொத்து என்னாவறது? முதல் நாள்லேர்ந்தே இவங்கதான் தூக்கியாறாங்க."

சாம்பசிவத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இவர்களைச் சுடத்தான் உத்தரவு வாங்கியிருந்தார். அந்த மூன்று நாளில் ஒருத்தர்கூடத் துப்பாக்கியைப் போலீஸ் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாமல், தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி சுமந்து வந்த பொம்பளை அம்சம், தலைச் சும்மாட்டைச் சரி செய்துகொண்டாள்.

"எசமான், எங்களச் சுடறதுக்குத்தானே இது? அடுத்த வாட்டி கொஞ்சம் கனம் கம்மியாக் கொண்டாரச் சொல்லுங்க. கழுத்து ஒடியுது."