பங்குனி ஆமைக்குப் போட்ட பந்தல்

பாம்பன் காற்றில் சாமியானா வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று நினைத்த மனுஷனுக்கு மூளை இருந்திருக்க வாய்ப்பே இல்லை. நிற்கிற ஆளையே தள்ளிவிடுகிற காற்று அது. அதில் நாலு கம்பு நட்டு, துணியைக் கட்டி, "நிக்கும்" என்று மாதா மேல் சத்தியமும் செய்த ஒருவரை நாங்கள் சாமியானா என்றே கூப்பிட்டோம். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் அவருக்கே மறந்திருக்கும்.

அவர் கட்டிய பந்தல் ஒன்றுகூட நேராக நின்றதில்லை. எல்லாம் கடல் பக்கமாகச் சாயும். கேட்டால், "காத்து சாய்க்குது, நான் என்ன செய்ய?" என்பார். காற்றே இல்லாத நாளிலும் சாய்ந்துதான் நின்றது. ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டு வாசலில் 'மணமக்களை வாழ்த்த வருக' பலகையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை விட்டுவிட்டு அவரை அடிக்கத் துரத்தினார்கள். "கொஞ்ச நேரம் துக்கம் மறந்துச்சா இல்லையா?" என்று ஓடிக்கொண்டே கேட்டாராம். இந்த லட்சணத்தில் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இப்பேர்ப்பட்டவரைத்தான் கடல் ஆமை விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பந்தல் போடக் கூப்பிட்டார்கள். பங்குனி மாத வாக்கில் கரையேறி முட்டையிடுவதால் எங்கள் பக்கம் அதற்குப் பங்குனி ஆமை என்று பேர். நாய் தோண்டித் தின்றுவிடாதபடி முட்டைகளை எடுத்துவந்து, கடற்கரையில் வேலி போட்ட இடத்தில் குழி வெட்டிப் புதைத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் மைக்கைப் பிடித்து விளக்கினார்: "முட்டைக்குள்ள இருக்கிறது ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது மணலோட சூடுதாங்க. குளிர்ச்சியா இருந்தா ஆண் கூடும். சூடு ஏற ஏற எல்லாமே பெண்ணாப் போயிரும்."

நாங்கள் எல்லோரும் வடை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சாமியானா மட்டும் பிடித்திருந்த கம்பை அப்படியே விட்டுவிட்டு முன்னால் போனார்.

"அம்புட்டும் பொண்ணாப் பொறந்தா, மாப்பிள்ளைக்கு எங்கன தம்பி போறது?"

"அதாண்ணே பிரச்சினையே."

"மாப்பிள்ளை இல்லைன்னா கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லைன்னா பந்தல் இல்லையே தம்பி!"

சனங்கள் சிரித்தார்கள். அவருக்கு முகமே செத்துவிட்டது. கடலுக்குள்ளும் தொழில் படுத்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ! நிழலுக்குத் தென்னங்கீற்று போடப்போவதாக அந்தத் தம்பி சொன்னதற்கு, "கீத்தா? இந்தக் காத்துக்கு அது அக்கரையில மண்டபத்துல போயில்ல விழும்!" என்று நக்கல் வேறு. சாய்ந்த பந்தல் போடுகிறவர் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கே, இருப்பதில் நல்லதாக, சிவப்பும் மஞ்சளும் கோடு போட்டு ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கும் துணியை எடுத்து ஆமை முட்டைகளுக்கு மேல் கட்டிவிட்டார்.

அப்போது தவக்காலம். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் கல்யாணம் காட்சி கிடையாது. துணி சும்மா எலி கடித்துக் கிடப்பதற்கு ஆமைக்காவது உதவட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் ஈஸ்டர் முடிந்த கையோடு என் அக்கா ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். அதற்கு நாங்கள் பேசி வைத்திருந்ததும் அதே துணி.

கல்யாணத்தன்று காலையில் வாசலில் சாமியானா இருக்கிறார், கம்பு இருக்கிறது, கயிறு இருக்கிறது, மேலே வானம் இருக்கிறது. அம்மா கொண்டையை முடிந்துகொண்டு வந்தாள்.

"ஏலே, துணி எங்கலே?"

"யக்கா, கோவிச்சுக்காதீக. இந்த வாரம் பொரிச்சிரும். இப்பப் போயி நிழலை உருவுனா பிள்ளைக வெந்துரும்க்கா."

"அப்ப எம் பிள்ளை வெயில்ல வேகலாமாலே?"

"உங்க பிள்ளைக்குத்தான் மாப்பிள்ளை கெடைச்சாச்சேக்கா!"

அம்மா விளக்குமாற்றைத் தேடுவதற்குள் ஆளைக் காணோம். அக்கா போட்ட பவுடரெல்லாம் கரைய அழுதாள். "ஆமைக்கு இருக்கிற மருவாதிகூட எனக்கு இல்லையாம்மா?" கடைசியில் விசைப்படகுகளில் மீனை மூடும் நீலத் தார்ப்பாய்களை வாங்கி வந்து கட்டினோம். ராமநாதபுரம் டவுனிலிருந்து வந்த சம்பந்தியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார். அப்படியும் இரண்டாம் முறை வாங்கினார் என்பது வேறு விஷயம். "இனிமே அந்தப் பயலோட கம்பு நம்ம வாசல்ல ஊணப்படாது" என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஆயுசுக்கும் அவரை மன்னிப்பதில்லை என்று நானும் முடிவெடுத்தேன்.

முட்டை பொரிந்து, குஞ்சுகளைக் கடலில் விடப்போவதாக ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஊர் முன்னால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்று அம்மா கிளம்பினாள். அக்காவும் மாப்பிள்ளையோடு வந்தாள். போய்ப் பார்த்தால், கடற்கரையில் அந்தப் பந்தல் கொஞ்சமும் சாயாமல் நிற்கிறது!

"பாத்தியாடி, எம்புட்டு நேரா கட்டியிருக்கான் பாவி!" என்றாள் அம்மா. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

குஞ்சுகள் துடுப்பை அடித்து அடித்து மணலில் ஊர்ந்தன. சாமியானா பன்னீர்ச் செம்போடு கடல் ஓரத்தில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது மேல தெளிச்சிராதீங்க!" என்று அந்தத் தம்பி ஓடி வந்தார்.

"சரி சரி. இதுல மாப்பிள்ளை எது தம்பி?"

"பாத்தா தெரியாதுண்ணே. வளர்ந்து பெருசாகணும். ஆணா பெண்ணாங்கிறதும் பொரியறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிவாயிரும். கடைசி வாரம் நீங்க நிழலை எடுத்திருந்தாலும் அது மாறியிருக்காது."

அம்மாவின் மூக்கு விடைத்தது. தம்பி அதைப் பார்க்காமல் தொடர்ந்தார்: "ஆனா இந்த வருசம் அடிச்ச வெயிலுக்கு நெறைய உள்ளேயே செத்திருக்கும்ணே. உங்க துணிதான் காப்பாத்துச்சு." அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை அப்படி மூட வைத்தவர் எங்கள் அப்பாகூடக் கிடையாது.

"மாப்பிள்ளைக திரும்பி வரும்போது பாத்துக்கிறலாம்" என்றார் சாமியானா.

"ஆண் ஆமை கரைக்கே வராதுண்ணே. கடலோட சரி. பெண்தான் முட்டையிட இந்தப் பக்கமே திரும்பி வரும்."

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. இத்தனை பாடும் பட்டு, ஒரு மாப்பிள்ளை முகத்தையும் பார்க்க முடியாது! செம்பை மணலில் வைத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"பரவால்ல தம்பி. பொண்ணு வரும்ல? மாப்பிள்ளை எப்படின்னு அதுகிட்ட கேட்டுக்கிறுவோம்."

அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு குஞ்சு அலையில் புரண்டு திரும்பக் கரையிலேயே வந்து விழுந்தபோது, "போடி, போ போ" என்று கத்தினது அம்மா. திட்ட வந்தது அவளுக்கு மறந்தே போயிற்று.

இந்த வருடம் எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் ஊரில் பங்குச் சாமியாரைக் கேட்டு நாள் குறிப்பார்கள். அம்மா முதலில் சாமியானாவுக்குப் போன் போட்டாள். "ஏலே, ஒன் ஆமை எப்பலே பொரிக்கும்? அதுக்கு அடுத்த வாரம் வச்சுக்கிறோம்."

வந்து கட்டினார். அதே சிவப்பு மஞ்சள் துணி, உப்புக்காற்றில் நிறம் வெளுத்து, வழக்கம்போல் கடல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. நேராகக் கட்டத் தெரிந்த மனுஷன், எனக்கென்று வரும்போது சாய்த்துக் கட்டுகிறார்! திட்டத்தான் வாசலுக்குப் போனேன். "நல்லாருக்குல்ல பாப்பா?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார். நல்லாத்தான் இருந்தது.