மாமியின் ஃபிரீசரில் மூக்கு அண்ணாச்சியின் பூ

மும்பையில் இருக்கும் அத்தனை கோடி மூக்குகளில் உருப்படியான மூக்கு ஒன்றே ஒன்றுதான். அது மாட்டுங்காவில் எங்கள் வாடகை அறையில், எனக்கு அடுத்த பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

மூக்கின் சொந்தக்காரரை நாங்கள் மூக்கு அண்ணாச்சி என்போம். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். முலுண்டில் கூரியர் ஆபீஸ் வேலை. லோக்கல் ரயிலில் கண்ணை மூடித் தொங்கிக்கொண்டே ஸ்டேஷன் பெயர் சொல்வார்.

"சயான் வந்துட்டுல."

"கண்ணைத் திறக்காம எப்படி அண்ணாச்சி?"

"ஒவ்வொரு சாக்கடையும் ஒவ்வொரு மாதிரி மணக்குமுல்லா."

இந்த மூக்கை வைத்து அவர் ஒரு சென்ட் கடை போட்டிருக்கலாம். போடவில்லை. அறையிலேயே பீர் காய்ச்சினார்.

பாத்திரம், எங்கள் மூன்றாவது ரூம்மேட் நவாஸ் வீட்டுப் பிரியாணி தேக்சா. நவாஸ் ஒரு சொட்டுக் குடிக்காதவன். அதனாலேயே தெர்மாமீட்டர் அவன் கையில். "குடிக்காதவன் கையிலதாம்ல அளவு இருக்கணும்" என்பது அண்ணாச்சியின் சட்டம். புளிக்க வைக்கும் பக்கெட்டுக்கு வெயில் ஆகாது என்று என் ஈர லுங்கியை அதற்குக் கட்டிவிடுவார். காய்ச்சுகிற ஞாயிறு அன்று அறையில் தாளிப்பு கிடையாது, ஊதுபத்தி கிடையாது. நான் டியோ அடித்துக்கொண்டு வந்தால் மறுபடி குளிக்க வேண்டும்.

எல்லாம் ஹாப்ஸ் என்கிற பூவுக்காக. பீருக்கு மணம் தருவது அதுதான். கட்டைவிரல் நுனி அளவு, பச்சைக் காகிதத்தை இதழ் இதழாக மடித்த மாதிரி இருக்கும். அதிலும் அண்ணாச்சி உயிரை விட்டது 'சாஸ்' என்ற செக் நாட்டு ஜாதிக்கு. புதுப் பெண் மாதிரி அப்படியொரு கூச்சம் அந்தப் பூவுக்கு. கொதிக்கிற தேக்சாவில் போட்டால் மணம் ஓடிவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். அதனால் காய்ச்சும்போதெல்லாம் கட்டிடமே அதிரக் கத்துவார்:

"ஏலே, அடுப்பை அணைச்சிட்டுப் பூவைப் போடுங்கலே! அணைச்சிட்டுப் போடுங்கலே!"

கையில் அதுவரை இருந்தது சும்மா ஹாப்ஸ்தான். ஒத்திகைக்கே இந்தச் சத்தம். அசல் சாஸ் பூ ஒரு பாக்கெட், வெளிநாடு போன நண்பன் தயவில் ஒருநாள் வந்து சேர்ந்தது. பிரிக்காமல் ஃபிரீசரில் வைக்க வேண்டும். எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு ஹவுஸ் ஓனர் மாமியிடம் இருந்தது.

மாமி பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னடா இது, காஞ்ச பூவா?"

"மூலிகை மாமி."

"எதுக்கு?"

அண்ணாச்சி மாமியின் முகத்தைப் பார்த்தார். அடுக்களையில் பிள்ளையார் படத்தைப் பார்த்தார். பீர் என்று சொல்ல வாய் வரவில்லை. தன் சுருட்டை முடியைத் தடவினார். "முடி கொட்டாது மாமி. நம்ம தலையைப் பாருங்க."

"பேஷ்" என்று மாமி அதைப் பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு காய்ச்சுவதாகத் திட்டம். அதற்குள் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது.

முதலில் நாங்கள் சிரித்தோம். நவாஸ் தன் சாக்ஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "அரே, பார், ஆள் சாகலை!" என்றான். அண்ணாச்சியும் சிரித்தார். பிறகு ஒருநாள் ஸ்டவ்வில் பருப்பு கருகிப் புகைந்தது. அண்ணாச்சி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் காபிப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார். அடுத்தது பெருங்காயம். அடுத்தது நவாஸின் அத்தர். ஒன்றும் இல்லை. லோக்கலில் கண்ணைத் திறந்துகொண்டு போனார். டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம் என்றாராம்.

"அண்ணாச்சி, அந்தப் பூவைப் போட்டுக் காய்ச்சிடுவோமா? நாங்க மோந்து பார்த்துச் சொல்றோம்."

"மாப்பிள்ளை ஊர்ல இல்லாம கல்யாணம் வைக்கச் சொல்லுதியால? மூக்கு வரட்டும். அது வரைக்கும் பூ அங்கனயே இருக்கட்டும்."



மழை தொடங்கிய ஒரு ஞாயிறு. மூன்று பேரும் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் போன அண்ணாச்சி சட்டென்று நின்றார். நான் அவர் முதுகில் முட்டினேன். நவாஸ் என் முதுகில் முட்டினான். தக்காளி படியில் உருண்டது.

"ஏலே... என்னமோ மணக்கு."

"என்ன அண்ணாச்சி?"

"பேசாதல. போயிரும்."

புல், கொஞ்சம் மிளகு, பேர் தெரியாத ஏதோ பூ. எனக்கும் லேசாக வந்தது. அண்ணாச்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். மணம் மாமி வீட்டு வாசலில் முடிந்தது. மாமி தலைமுடியை விரித்துப் போட்டு, கோடாலி முடிச்சுக்குத் தயாராக நின்றிருந்தார்.

"மாமி... தலையில என்ன?"

"உன் மூலிகைதாண்டா! நீ காய்ச்சறதா காணும், வீணாப் போறதேன்னு நானே தேங்காயெண்ணெய்ல போட்டுட்டேன். மொத்த பாக்கெட்டும். கொதிக்கறச்சே போடலை, அடுப்பை அணைச்சப்பறம்தான் போட்டேன். நீதான் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னுண்டு அப்படிக் கத்துவியே!"

நானும் நவாஸும் ஆளுக்கொரு பக்கம் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டோம். கொலை விழப்போகிறது என்றே நினைத்தோம்.

அண்ணாச்சி கையை உதறிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். "மாமி, அந்த எண்ணெய்ச் சட்டியை இப்படித் தாங்க." மடியில் வைத்து, முகத்தைக் கவிழ்த்து ஒரு மூச்சு இழுத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் எண்ணெய்.

"என்னடா ஆச்சு இவனுக்கு?" என்று மாமி பயந்துபோனார்.

"ஒண்ணுமில்ல மாமி" என்றார் அண்ணாச்சி. "பதமா எடுத்திருக்கீங்க."

சாஸ் பீர் காய்ச்சவே இல்லை. மாமி எங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி கல்யாணமாகித் தாணே போய்விட்டார். தன் பாட்டிலை அவர் எப்போதோ தேய்த்துத் தீர்த்துவிட்டார். என் பாட்டிலின் அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார்.

"ஏலே, அந்த எண்ணெயில மணம் இருக்கால?"

மூடியைத் திறந்து மூக்கருகே பிடிக்கிறேன். சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் வாடை மட்டும்தான் வருகிறது.

"அப்படியே இருக்கு அண்ணாச்சி."