மூன்றாம் அங்கத்தில் கைவைத்தவர்

அடுத்தவர் எழுதியதைச் செப்பனிட்டுக் கொடுப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. தாமாக ஒரு வரி எழுதமாட்டார். எழுதினால் யாராவது குறை சொல்லிவிடுவார்களே. ஆனால் நீங்கள் எழுதியதை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தைப் புரட்டுமுன்பே மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுப்பார். அந்த இழுப்பில்தான் அவருடைய பிழைப்பு நடக்கிறது.

எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலிலும் இவர் உண்டு. ஆனாலும் எங்கள் நியூயார்க் நாடகக் கொட்டகைகளில் கொழுத்து வளர்ந்த மாதிரி வேறெங்கும் வளர்ந்திருக்கமாட்டார். இருபத்தாறு வருஷம் மேடையோரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்த நடிகர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்த எனக்கு இது தெரியாதா? என் மடியில் கிடந்த பிரதிகளில் எழுதியவரின் மையைவிடத் திருத்தியவரின் நீலப் பென்சில்தான் அதிகமாக இருக்கும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி எங்கள் முதலாளி ஜூலியஸ் கெட்டில்வெல். எழுதியது ஒரு பெண் என்று தெரிந்துவிட்டால் அவருடைய பென்சிலுக்கு உற்சாகம் கரைபுரளும். எஃபி லாரிமர் என்றோர் அம்மாள், ஒஹையோவில் பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, பிறகு ஒரு பத்திரிகையில் சமையல் பக்கம் எழுதி, அதுவும் அலுத்துப்போய் 1909இல் எங்களிடம் நாடகம் எழுத வந்தார். வயது முப்பத்தாறு. முதலாளி அவரைக் குழந்தே என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாளின் முதல் நாடகத்தில் கதாநாயகி பிழைத்திருந்தாள், முதலாளி கொன்றார். இரண்டாவதில் செத்துப்போனாள்; முதலாளி எழுப்பி உட்கார வைத்தார். இரண்டும் பத்து நாளைத் தாண்டவில்லை. பெண்பிள்ளை எழுத்து, நாம் என்ன செய்ய முடியும் என்று ஊரெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டார்.

மூன்றாவது நாடகத்துக்குத் 'தொப்பிக் கடை' என்று பெயர். மார்த்தா என்பவள், அதட்டியே குடும்பம் நடத்தும் கணவனை விட்டுவந்து தொப்பிக் கடை வைக்கிறாள். மூன்றாம் அங்கத்தில் அவன் வந்து வீட்டுக்குக் கூப்பிடுகிறான். அவள் ரிப்பன் தைப்பதை நிறுத்தாமல், "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, காத்து வருது" என்கிறாள். திரை விழுகிறது. இந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற தொண்ணூறு பக்கத்தையும் எழுதினேன் என்று அம்மாள் என்னிடம் சொன்னார். அது மேடையேறாவிட்டால் எழுதுவதையே விட்டுவிட்டு ஒஹையோவுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். விளையாட்டுப் பேச்சில்லை. பழைய பள்ளிக்கூடத்திலிருந்து திரும்ப வரச்சொல்லி வந்த கடிதம் அவர் கைப்பையில் இருந்தது.

எங்கள் முதலாளிக்குப் பிரதியைப் படிக்கிற வழக்கமில்லை. மதியச் சாப்பாட்டில் யாராவது கதையைச் சொல்லவேண்டும், அவர் மென்றுகொண்டே திருத்துவார். மார்த்தா வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டதுமே கெட்டில்வெல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"குழந்தே, ரெண்டு டாலர் டிக்கெட்டு வாங்கிப் பெண்டாட்டியக் கூட்டிட்டு வர்றவன், இதைப் பாத்துட்டு அவகூட எப்படிம்மா வீட்டுக்குப் போவான்?"

"சேந்துதான் போவாங்க, மிஸ்டர் கெட்டில்வெல். வழியில கொஞ்சம் பேசாம போவாங்க, அவ்வளவுதான்."

கேட்பாரா? நியூயார்க்கில் திரை தூக்குமுன் வெளியூர்களில் போட்டுப் பார்ப்பதும், ஜனங்கள் எங்கே இருமுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு அந்த இடத்தில் வெட்டுவதும் எங்கள் தொழில்முறை. ஹார்ட்ஃபோர்டில் கணவனுக்கு நிமோனியா வந்து மார்த்தா ஓடோடிப் போனாள், கொட்டகையே இருமியது. பிராவிடன்ஸில் கடை தீப்பற்றிக் கணவன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தப் புகையில் நடிகர்களும் சேர்ந்து இருமினார்கள். நியூ ஹேவனில் ஒரு நாய் வந்து அவள் பாவாடையைக் கவ்வி வீட்டுக்கு இழுத்தது. நாய்க்கு மட்டும் கைதட்டல் கிடைத்தது. இத்தனையையும் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தவர் லாரிமர் அம்மாள்தான். 

சனிக்கிழமைப் பகல் ஆட்டம் முடிந்தது. திங்களன்று நியூயார்க். இன்னொரு மூன்றாம் அங்கம் வேண்டும் என்றார் முதலாளி. அம்மாள் தம்முடைய முதல் பிரதியை, ஒரு புள்ளிகூட மாறாமல், தட்டச்சுக்காரியிடம் கொடுத்துப் புதிதாக அடிக்கச் சொன்னார். புது நீல அட்டையும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சிப்பி சூப் குடித்துக்கொண்டிருந்த முதலாளியின் முன் அதைப் பணிவாக வைத்து, மார்த்தா வீட்டுக்குப் போனால் ஜனங்களுக்குப் பிடிக்காது என்று ஹார்ட்ஃபோர்டிலேயே நீங்கள் கோடிகாட்டினீர்கள், என் மரமண்டைக்கு இப்போதுதான் ஏறியது என்றார்.

அப்படி எதையும் கோடிகாட்டியதாக அவருக்கு நினைவில்லைதான். ஆனால் புகழ்ச்சியை மறுக்க யாருக்கு மனம் வரும்? முதல்முறையாக ஒரு பிரதியைப் படித்தார். எதிர் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

"இதைத்தானே குழந்தே நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இந்தக் கதவு, காத்து... இதெல்லாம் உனக்கா தோணாதும்மா."

திங்களன்று அந்த வரி மேடையேறியது. ஓர் இருமல் இல்லை. திரை விழுந்து நான் பத்து எண்ணும்வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு கொட்டகை அதிர்ந்தது. எழுதியவர் மேடைக்கு வரவேண்டும் என்று, முதல் ஆட்டத்தன்று வழக்கமாகப் போடும் கூச்சலைப் போட்டார்கள். லாரிமர் அம்மாள் திரையோரத்தில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றார். கெட்டில்வெல் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னே போய் வணங்கி, ஒரு குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைத்த கதையை எட்டு நிமிஷம் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போங்கம்மா, போய் உண்மையைப் போட்டு உடைங்க" என்றேன்.

"சொன்னா நாளைக்கே நாய் திரும்பி வந்துரும்" என்றார் அம்மாள்.  நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

மறுநாள் ஒரு பத்திரிகை, மூன்றாம் அங்கத்தில் ஓர் ஆணின் உறுதியான கை தெரிகிறது என்று எழுதியது. நாடகம் இருநூற்றுப் பதினான்கு நாள் ஓடியது. பள்ளிக்கூடத்துக் கடிதத்தை அம்மாள் கிழித்துப் போட்டார். அடுத்த பதினோரு வருஷத்தில் இன்னும் ஏழு நாடகங்கள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் முதலாளி திருத்துவதற்கென்றே அம்மாள் மட்டமான ஒரு மூன்றாம் அங்கத்தை எழுதி, அவர் பென்சில் ஓய்ந்த பிறகு அசலை நீட்டுவார். ஒருவேளைச் சோற்றுக்கு இரண்டுமுறை சமைத்த கணக்குத்தான். கெட்டில்வெல்லோ, பெண்களை எழுத்தாளர்களாக்குவது எப்படி என்று மாதர் சங்கங்களில் சொற்பொழிவு செய்து, மாலையும் மரியாதையுமாகச் செத்தார்.

கெட்டில்வெல்லைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, ஒன்று கேட்கட்டுமா? அந்த அம்மாள் மேடைக்குப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கவேண்டும், கதை அங்கேதான் முடிந்திருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? அவர் வேறொரு முடிவை எடுத்து, அதன் விலையையும் தாமே கொடுத்து முடித்த பிறகும்? வெட்கப்படாதீர்கள், எனக்கும் அன்றைக்கு அதே யோசனைதான் தோன்றியது, அவரிடம் சொல்லவும் சொன்னேன். கெட்டில்வெல் போய் ஆறு வருஷமாகிறது. அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, யார் உட்கார்ந்தாலும் பொருந்தும்.