வேண்டாம் என்று சொல்லிப் பதவி கேட்டவர்

1790களில் குடியிருந்துகொண்டு, சம்பளத்தை மட்டும் இந்த நூற்றாண்டில் வாங்கும் ஓர் இனம் எங்கள் மாசசூசெட்ஸ் கல்லூரி ஊர்களில் உண்டு. ஆரம்பகால அமெரிக்க அரசியல் வரலாற்றாசிரியர் என்று பெயர். எந்த மசோதா எத்தனை ஓட்டில் தோற்றது, அன்று எந்த செனட்டருக்கு ஜலதோஷம், மதுக்கடை வாசலில் யார் யாரைப் பிரம்பால் அடித்தார், எல்லாம் இவருக்கு விரல் நுனியில். போன வாரம் உள்ளூர்த் தேர்தலில் ஜெயித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். "ஆவணங்களை இன்னும் திறக்கலையே" என்பார்.

நல்ல மாதிரி வேண்டுமானால் பேராசிரியர் ஆல்டன் தாக்ஸ்டர். முப்பது வருஷத்தில் இரண்டு புத்தகம். முதலாவது 1794 முதல் 1796 வரை. காலம் ரொம்ப விரிந்துவிட்டது என்று விமர்சகர்கள் குறைப்பட்டதால் இரண்டாவது 1795 மட்டும்.

அந்தக் காலப் பெரிய மனிதர்கள் பதவியைக் கேட்க மாட்டார்கள் என்பது அவருடைய பிரதான பாடம். கேட்பது கேவலம். 'எனக்கு வயலும் பசுவும் போதும்' என்று எழுதிப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். ஊர் வந்து கெஞ்சும். இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை பெருமூச்சோடு ஒப்புக்கொள்வார்கள்.

சென்ற வசந்தத்தில் துறைத்தலைவர் பதவி காலியானது. தாக்ஸ்டருக்கு அது வேண்டும். உயிர் போகிற மாதிரி வேண்டும். ஏனென்றால் அவருடைய 1790கள் வகுப்பில் நாலே மாணவர்கள். புதுத் தலைவர் நினைத்தால் வைக்கலாம், நினைத்தால் தூக்கலாம். வகுப்பும் போனால் அவருக்கு மிஞ்சுவது இந்த நூற்றாண்டுதான்.

என்ன செய்தார்? கடிதம் எழுதினார். நாலு பக்கம். உடல்நிலை, தகுதிக்குறைவு, தோட்டத்து ஆப்பிள் மரங்கள். 'ஆகவே என் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம்.'

தொலைக்காட்சி விளம்பரங்களின் வரலாறு எழுதும் க்ரெய்க் வெல்டனோ டோனட் பெட்டியோடு அறை அறையாக ஏறி இறங்கினார். "எனக்கு இந்த வேலை வேணும். ஓட்டுப் போடுங்க." வேட்பாளர்கள் ஊருக்கே ரம் ஊற்றி ஓட்டு வாங்கியதும் தாக்ஸ்டரின் அதே 1790கள்தான், அந்த அத்தியாயத்தை அவர் எழுதவில்லை.

கூட்டத்தில், விடைபெறும் தலைவி ஜூடித் கடிதத்தைப் படித்து முடித்தார்.

"ஆல்டன், ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க. எங்களுக்குப் புரியுது."

"இல்ல ஜூடித், எல்லாரும் சேர்ந்து வற்புறுத்துனா..."

"சேச்சே! யாரும் வற்புறுத்த மாட்டோம். உடம்பைப் பாத்துக்கங்க."

"உடம்பு அவ்வளவு மோசமில்ல..."

"பாருங்க, நோவைக் கூட எவ்வளவு அடக்கமா சொல்றாரு!" என்று உருகினார் க்ரெய்க்.

பதினொன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் எப்படி என்கிறீர்களா? தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வது அநாகரிகமல்லவா? தாக்ஸ்டரும் க்ரெய்குக்கே கை தூக்கினார். தூக்கிய கையை மெதுவாக, மிக மெதுவாக, யாராவது தடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டே இறக்கினார். எல்லோரும் டோனட் எடுக்கப் போயிருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் 1790கள் வகுப்பு பாடப் பட்டியலில் இல்லை. கேட்கப் போனவரின் தோளில் க்ரெய்க் அன்பாகக் கைவைத்தார்.

"ஓய்வு வேணும்னு நீங்கதானே நாலு பக்கம் எழுதினீங்க, ஆல்டன்? இப்பப் போய் ஆப்பிள் மரத்தைக் கவனிங்க."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், "எனக்கெதுக்குங்க செயலாளர் பதவி, வேற யாராவது இளவட்டம் வரட்டுமே" என்று சொல்லிவிட்டு, "அதெல்லாம் முடியாது, நீங்கதான்" என்கிற குரல் எந்த நாற்காலியிலிருந்து வரும் என்று ஓரக்கண்ணால் தேடினீர்களே, அது எந்த வருஷம்? அந்தக் குரல் வந்ததா?