துப்பாக்கிக் கட்டைக்கு முகம் வந்த விவரம்

செவிலிமேடு,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு தேவகி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். வாலாஜாபாத்தில் தாங்களும் சம்பூர்ணம் அத்தையும் நலமாக இருக்க விரும்புகிறேன். வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதவில்லை. யாரிடம் வேண்டுவது என்பதில் எனக்குள்ள சிக்கல் தாங்கள் அறிந்ததே. போனில் நான் "கட்டை" என்று சொன்னால் தங்கள் காதில் "சட்டை" என்று விழுகிறது. சென்ற முறை கால் மணி நேரம் பேசிவிட்டு, "தையல்காரன் கெடக்கறான், வேற ஆளைப் பாரும்மா" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே கடிதம்.

தாங்கள் கேட்டது சின்ன வேலை. குழாய் முனையில் வெடிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கிற தங்கள் பழைய நாட்டுத் துப்பாக்கியின் மரக்கட்டை பாலிஷ் உரிந்து, சொரசொரப்பாகி, ஒவ்வொரு வெடிக்கும் துள்ளித் தங்கள் கன்னத்தில் அறைகிறது. இரும்பைக் கழற்றி லைசென்ஸோடு தாங்கள் வைத்துக்கொண்டு, வெறும் மரத்தைப் பழைய வேட்டியில் சுற்றி என்னிடம் தந்தீர்கள். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் காட்டுப்பன்றிகள் வேர்க்கடலைக் கொல்லையை விட்டு ஓடிவிடும், அது இல்லாமல் தகர டப்பாவைத் தட்டினால் அவை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்றீர்கள். போன வருஷம் ஒரு செடி மிஞ்சவில்லை, இந்த வருஷமும் போனால் கொல்லையை மனை போடுகிறவனிடம் தள்ளிவிடப் போவதாக அத்தையிடம் சொன்னீர்களாம். அத்தை போனில் அழுதார்கள். இதை நான் மறக்கவில்லை என்பதற்காகவே திரும்ப எழுதுகிறேன். நடந்ததற்கெல்லாம் காரணம் என் அலட்சியம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

துப்பாக்கிக் கட்டை செய்கிற ஆள் காஞ்சிபுரத்தில் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. தறி வேலை செய்யும் ஆசாரிகள் துப்பாக்கி என்றதும் கும்பிட்டு அனுப்பினார்கள். கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் வாகனங்களைப் பழுது பார்க்கும் பூவராகவனிடம் போனேன். பட்டறையில் இறக்கை இல்லாத கருடன் ஒன்றும் பாதிக் குதிரை ஒன்றும் நின்றன. இவரோ வாயை மூடாத மனிதர். மாமா, தாங்கள் என்னிடம் சொல்லி அனுப்பிய வார்த்தையை அப்படியே அவரிடம் சொன்னேன்: "முகம் நல்லா உக்காரணும்." கன்னம் அணைகிற மேடு சரியாக இருக்க வேண்டும் என்பது தங்கள் கருத்து. அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "உக்கார வெச்சிடலாம்மா, எதுக்கு இது?" என்றார். நான் பஸ் நிலையத்து நெரிசலில் ஸ்கூட்டி ஓட்டி வந்த எரிச்சலில், "பன்னிக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த வாரம் போனால் தங்கள் கட்டையில் ஒரு பன்றி உட்கார்ந்திருக்கிறது. தோளில் அணைகிற பக்கம் மூக்கு, இரண்டு பக்கமும் காது, கன்னம் வைக்கிற மேடு அதன் பிடரி. வேலை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் போய் நின்ற அதே நேரம் அவர் அதன் கண்ணில் கடைசித் தீற்றலை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தூரிகையைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, கண்ணு தொறக்கறப்ப குறுக்கே வரலாமா? மொதல்ல கண்ணாடி காட்டணும், கன்னுக்குட்டியோட பசு காட்டணும். இப்ப ஹெல்மெட்டோட உங்களைப் பாத்துக்கினு இருக்குது பாருங்க!"

"இது துப்பாக்கிக் கட்டை," என்றேன்.

"கட்டைதாம்மா. இப்ப கண்ணு இருக்குதே?"

"அழிச்சுக் கொடுங்க."

"தொறக்கத்தான் எனக்குக் கத்துக் குடுத்தாங்க. மூடறது நம்ம வேலை இல்லம்மா. அதுவும் என் பேரை வெச்சுக்கினு வராக மூஞ்சியில கை வெப்பனா? நல்லாக் கேட்டீங்க!"

வாதம் செய்வதில் பயனில்லை என்று கண்டு நானே உப்புத்தாள் வாங்கிவந்து, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தேய்த்தேன். மூக்கு போயிற்று, காது போயிற்று, கண்ணின் வெள்ளையும் கறுப்பும் போயின. அடியில், மரத்திலேயே, அதே இரண்டு இடத்தில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. முடிச்சு பார்த்துத்தான் மனிதர் கண் வைத்திருக்கிறார், இதில் வியப்பில்லை. ஆளிவிதை எண்ணெய் பூசினேன். முடிச்சு அதிகம் எண்ணெய் குடிக்கும், ஆகவே கறுத்து மினுங்கும், இதிலும் வியப்பில்லை. நான் அறைக்குள் எங்கே நின்றாலும் என்னைப் பார்ப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம் வளைந்த பரப்பில் விழும் ஒளி. புகைப்படங்களும் அப்படித்தான். சன்னலோரம் காய வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

மாலையில் திரும்பியபோது, பக்கத்துக் காலி மனையில் ஒரு பன்றி நின்றது. பாலாற்றுப் பக்கம் வேலிகாத்தான் புதர் இருக்கிறது, கல்யாண மண்டபத்து எச்சில் இலை இருக்கிறது, பன்றி வருவது இயல்பு. மறுநாள் ஐந்தாறு நின்றன. அதற்கும் மறுநாள் எண்ணுவதை நிறுத்தினேன். அவை தரையைக் கிளறவில்லை, எதையும் தின்னவில்லை, உறுமவில்லை. வரிசையாக நின்று என் சன்னலைப் பார்த்தன. எதிர்வீட்டு மரியம்மாள் வாசல் தெளிக்க வந்தவள் வாளியோடு அப்படியே நின்று, "இன்னா டீச்சர், ரேஷன் கடையா வெச்சிருக்கீங்க? இவ்ளோ ஒழுங்கா மனுஷங்க நிக்க மாட்டாங்களே!" என்றாள். நான் ஆளிவிதை எண்ணெயின் வாசனை பற்றி விளக்கினேன். அவள், "வாசனைக்கு வந்தா மோந்து பாக்கும்மா. இதுங்க கும்பிடப் போற மாதிரி இல்ல நிக்குது," என்று சொல்லிவிட்டுக் கோலம் போடாமலே உள்ளே போய்விட்டாள்.

புள்ளியியல் கற்பிக்கிறவள் சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது. கட்டையைப் பழைய புடவையில் சுற்றிப் பின்பக்கம் சமையலறையில் வைத்தேன். பன்றிகள் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தன. சன்னலோரம் அதே எண்ணெய் பூசிய பூரிக்கட்டையை வைத்தேன். அதை ஒன்றும் சீண்டவில்லை. கட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன், படுக்கையறைப் பக்கம் வந்துவிட்டன. மூன்று முறை ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். என் மாணவிகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் மாமா, தற்செயல் இவ்வளவு பொறுமையா நிக்கும்னு எந்தப் புத்தகத்துலயும் போடல. காலையில வண்டியை எடுத்தா, நடுவுல ரெண்டா பிரிஞ்சு வழி விடுதுங்க. நானும் என்னை அறியாம தலையை ஆட்டிட்டுப் போறேன். ஏன் ஆட்டறேன்னு எனக்கே தெரியல.

எப்படியும் வேலை முடிந்துவிட்டது. தாங்கள் கேட்டபடி கட்டையின் நீளத்தில் இரண்டு விரல்கடை குறைத்தாயிற்று, கன்னத்து மேடு வழவழப்பாக இருக்கிறது, இனி அறையாது. நாளை விட்டு அடுத்த ஞாயிறு, முதல் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன். குழாயைத் துடைத்துத் தயாராக வையுங்கள். மாட்டிய கையோடு ஒரு வெடி போட்டுக் கொல்லையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். கொல்லையை விற்கும் பேச்சை அத்தை முன்னால் எடுக்க வேண்டாம். நம் குடும்பத்தில் இந்தப் பன்றிக் கதையை யாரும் பெரிதுபடுத்தாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். படித்தவள் எழுதியதை வைத்துப் பூசாரியைத் தேடிப் போனார்கள் என்று யாரும் சொல்லக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். கொல்லையில் காவல் இருக்கும் கலியனுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். தங்கள் தோள்வலி தீரவும் கடலை நிறையக் காய்க்கவும், நம்பிக்கை உள்ளவர்கள் சொல்லும் எல்லா நல்வார்த்தைகளையும் அவர்கள் சார்பில் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தேவகி

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது அத்தை போன் செய்தார்கள். பத்து நாளாகக் கொல்லையில் ஒரு பன்றிகூட இல்லையாம். செடி ஒவ்வொன்றும் குடைபோல நிற்கிறதாம். "எங்க போய்த் தொலைஞ்சுதோ, காலடித் தடமெல்லாம் ஆத்துப் பக்கமா போயிருக்குதுன்னு கலியன் சொல்றான்," என்று சிரித்தார்கள். அத்தை சிரித்து நான் கேட்டு வெகு நாளாயிற்று. ஆகவே அந்த ஞாயிறு நான் வரவில்லை. அறுவடை வரைக்கும் கட்டை இங்கேயே இருக்கட்டும். நான் தேய்த்த மூக்கையும் காதையும் திரும்பச் செதுக்கித் தரச் சொல்லிப் பூவராகவனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். கண் திறக்கும்போது காட்டப் பசுவும் கன்றும் ஏற்பாடு செய்ய மரியம்மாள் ஒத்துக்கொண்டாள். இதில் நம்பிக்கை எதுவும் இல்லை, முன்னெச்சரிக்கை மட்டுமே. தாங்கள் கடலையை எவ்வளவு சீக்கிரம் பிடுங்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பிடுங்கிவிடுங்கள். இத்தனை நாளும் நின்றுகொண்டிருந்தவை, இன்று சாயங்காலம் உட்கார்ந்துவிட்டன.