துவரைத் திருட்டைக் கண்டுபிடித்த கதை

அரைகுறையாகத் தெரிந்தவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தால் காரியம் நிச்சயமாக முடிந்துவிடும். எது முடிந்தது என்பதுதான் பிறகு தெரியவரும். இதை யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை, என்னையேதான் சொல்லிக்கொள்கிறேன். என் இருபத்தோராவது வயதில், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசாங்கத்தின் சந்தனக் கன்றுகளில் பாதிக்கு மேல் கொன்றவன் நான். அதையும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி, வரவழைத்து, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர், கிருஷ்ணகிரியெல்லாம் சேலம் ஜில்லாவில் இருந்தன. கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே ஓர் ஏரிக்கரையில் வனத்துறையின் நாற்றங்கால் இருந்தது. ஏரிக்கு எதிரே ஒரு மொட்டைக் குன்று. ஒரு காலத்தில் அதில் சந்தனமரம் மண்டிக் கிடந்ததாம். சந்தனத்தைத் திருடர்கள் கொண்டுபோனார்கள். மிச்ச மரங்களை யுத்தகாலத்தில் அடுப்புக்கரிக்காக வெட்டித் தீர்த்தார்கள். அதன்பிறகு மழை பெய்தால் குன்றின் மண் வழித்துக்கொண்டு வந்து ஏரியில் இறங்கியது. அந்தக் குன்றை மறுபடியும் காடாக்க வேண்டும் என்று இலாகா தீர்மானித்து, எண்ணூறு மூங்கில் கூடைகளில் சந்தனக் கன்று வளர்த்துக்கொண்டிருந்தது. ஆனி மாத மழைக்கு நட வேண்டும்.

அங்கேதான் நான் தற்காலிக வாட்சராகப் போய்ச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். (பாஸ் என்றுதான் சொன்னேன், மார்க் கேட்காதீர்கள்.) வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பும் கொஞ்சம் கேழ்வரகு வயலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் களை என்பது மானப் பிரச்சினை. "வயல்ல களை நின்னா, ஊருக்கு முன்னாடி கோமணம் அவுந்த மாதிரிடா" என்பார் அப்பா. அடுத்தவன் வயலில் களையைக் கண்டாலும் வரப்பில் குந்தி நாலு பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். எனக்கும் அந்தக் கை அப்படியே வந்திருந்தது. வேலையில் சேர்ந்த அன்று ரேஞ்சர், "சந்தனத்தப் பத்தி ஏதாவது தெரியுமாப்பா? சொல்லிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார். "மாந்தோப்புல பொறந்தவன் சார் நானு" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் மாடு மேயாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்.

நாற்றங்காலை உண்மையில் நடத்தியவர் கெம்பம்மா. முப்பது வயது இருக்கும். ஆனேக்கல் பக்கத்துக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். ஏழு வருஷமாகத் தினக்கூலி. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான், இரண்டு பெண் குழந்தைகள். அவரை நிரந்தர மாலியாக, அதாவது தோட்டக்காரராக, போடவேண்டும் என்று ரேஞ்சர் மேலே எழுதியிருந்தார். ஜில்லா வன அதிகாரியான டி.எஃப்.ஓ. நேரில் வந்து கன்றுகளைப் பார்ப்பார், திருப்தியாக இருந்தால் உத்தரவு போடுவார் என்று பதில் வந்திருந்தது. ஆகவே அந்த எண்ணூறு கூடைகளில் இருந்தது சந்தனம் மட்டுமல்ல, கெம்பம்மாவின் உத்தியோகமும்தான். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், நான் செய்தது வேறு மாதிரி முட்டாள்தனம்.

வைகாசிக் கடைசியில் கெம்பம்மாவின் தங்கைக்குப் பிரசவ நேரம். ரேஞ்சரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எட்டு நாளைக்கு ஆனேக்கல் புறப்பட்டார். பொறுப்பு என் தலையில். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "சாமி, காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் தண்ணி. அஷ்டே. வேற எதையும் தொடபேடா" என்றார்.

தண்ணீர் மட்டும் ஊற்று, எதையும் தொடாதே என்றால்? எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனை? எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே நாற்றங்காலுக்குள் போய் முதல்முறையாகக் கூடைகளை உற்றுப் பார்த்தேன். பார்த்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒவ்வொரு கூடையிலும் சந்தனக் கன்றை ஒட்டி இன்னொரு செடி, எண்ணூறு கூடையிலும். அது காட்டுச்செடி இல்லை. மாந்தோப்புக்காரனுக்கு அந்த இலை தெரியாதா? துவரை!

என் மூளை அன்று வேலை செய்ததுபோல் வேறு என்றும் செய்ததில்லை. அரசாங்கக் கூடை, அரசாங்க மண், அரசாங்கத் தண்ணீர். அதில் யாரோ துவரை சாகுபடி செய்கிறார்கள். சந்தனத்தின் மறைவில் ஒரு வருஷத்துக் குழம்புக்கு வழிசெய்திருக்கிறார்கள். ஓஹோ, அதனால்தான் 'தொடாதே' என்ற உத்தரவு!

தண்ணீர் ஊற்றும் முனியம்மாவை விசாரித்தேன். "இந்தத் தொவரைய யாரு வெச்சது?"

"கெம்பக்காதான் வெச்சுது. ஏன்?"

"அவங்கதான் வெச்சாங்கன்னு ஒத்துக்கிறியா?"

"இதுல ஒத்துக்க இன்னா இருக்குது? எல்லாருக்கும் தெரியுமே!"

அதாவது கூட்டுக்களவு. முனியம்மாவின் வாக்குமூலத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் பிடுங்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஆனது. துவரை லேசில் வரவில்லை. இழுத்தால் கூடவே சந்தனக் கன்றும் ஆடியது. சில கூடைகளில் கன்று பாதி வெளியே வந்துவிட்டது. 'திருடன் எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறான் பார்' என்று சொல்லிக்கொண்டே கன்றைத் திரும்பக் குத்தி, கட்டைவிரலால் மண்ணை அழுத்திவிட்டேன். முனியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "அக்கா வந்தா கொன்னுடும், வேணாம்பா" என்று கெஞ்சினார். குற்றவாளிகள் கெஞ்சத்தானே செய்வார்கள்? நான் அசரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் நின்று பார்த்தால், கூடைக்கு ஒரே ஒரு கன்று, சுற்றிலும் துடைத்துவிட்டாற்போல் சுத்தமான மண். அப்பா பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

பிடுங்கிய துவரையை ஐம்பது ஐம்பதாகப் பதினாறு கட்டுகளாகக் கட்டினேன். ஒவ்வொரு கட்டிலும் ஓர் அட்டை: 'சான்று 1', 'சான்று 2'... பிறகு கடிதம். ரேஞ்சருக்கு எழுதினால் அமுக்கிவிடுவார் என்று நேராக டி.எஃப்.ஓ.வுக்கே எழுதினேன். 'கனம் துரையவர்கள் சமூகத்துக்கு, தங்கள் உப்பைத் தின்னும் தற்காலிக வாட்சர் கோவிந்தசாமி தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...' என்று தொடங்கி மூன்று பக்கம். முடிவில், 'இத்தீய பயிரை அடியேன் வேரோடு களைந்துவிட்டேன்' என்ற வரியின்கீழ் இரண்டு கோடு. கெலமங்கலம் தபாலாபீசில் சேர்த்துவிட்டு ஒரு சோடா குடித்தேன்.

அடுத்த நாள் கன்றுகளின் இலை கொஞ்சம் தொங்கியது. வெயில் என்று நினைத்து இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மறுநாள் மஞ்சளடித்தது. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. இத்தனை நாள் துவரை சத்தை உறிஞ்சியதால் வந்த பலவீனம், இனி தேறிவிடும். இந்த ஆராய்ச்சியை விடாமல் டி.எஃப்.ஓ.வுக்கு இன்னொரு கடிதத்தில் தெரிவித்தேன். ஆறாம் நாள் இலைகள் உதிர்ந்தன. ஏழாம் நாள் எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் தபால் போய்விட்டதே!

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. முன்னால் டி.எஃப்.ஓ., பின்னால் ரேஞ்சர். டி.எஃப்.ஓ. கையில் என் இரண்டு கடிதங்களும் இருந்தன. நான் பூமி அதிர சல்யூட் அடித்தேன். அவர் பதிலுக்கு அடிக்கவில்லை. கூடை வரிசைகளைப் பார்த்தபடி மெதுவாக நடந்தார். எண்ணூறு குச்சிகள். அங்கங்கே ஒன்றிரண்டு இலை.

"இந்தத் துவரையப் பிடுங்கினது யார்?"

"நான்தாங்க ஐயா!"

"நீ ஒருத்தனா?"

"ஆமாங்க ஐயா. யார் உதவியும் இல்லாம!" (கடவுளே, அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கக் கூடாதா?)

ரேஞ்சர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு கெம்பம்மா வந்துகொண்டிருந்தார். ஜீப்பைக் கண்டு வேகமாக வந்தவர், கூடைகளைப் பார்த்ததும் நின்றார். பை கீழே விழுந்தது.

"அய்யோ தேவ்ரே! ஏனு மாடிபிட்டே சாமி! என்ன பண்ணிட்டே நீ!"

அதற்குமேல் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உட்கார்ந்து, செத்துப்போன ஒரு கன்றை எடுத்து மண்ணை உதறி என் முகத்துக்கு நேரே பிடித்தார். வேரில் அரிசி மணி போலச் சின்னச் சின்ன முடிச்சுகள். அவை அறுந்துபோன இன்னொரு வேரைக் கவ்விக்கொண்டிருந்தன.

"இதுக்குத் தானா சாப்பாடு தேடத் தெரியாது சாமி. பக்கத்துச் செடி வேர்ல வாய வெச்சுத்தான் குடிக்கும். அதுக்குத்தான் தொவரை. நெழலும் அதுதான் குடுக்கும். நீ பால் குடிக்கிற புள்ளையப் புடிச்சு இழுத்துட்டியே."

பதினாறு கட்டுகளும் அட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. எனக்கு அந்த அட்டைகளைத் தின்றுவிடலாம் போலிருந்தது.

டி.எஃப்.ஓ.வின் கோபம் கெம்பம்மா பக்கம் திரும்பியது. "நீ எங்கே போயிருந்தே? லீவு எழுதிக் கொடுத்தியா? பொறுப்பான ஆள் இங்கே இருந்திருந்தா இது நடந்திருக்குமா? உனக்கா நிரந்தர வேலை கேட்டாங்க?"

கெம்பம்மா கையிலிருந்த கன்றைக் கூடையில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழு வருஷம் என் இரண்டு நாள் வேலையில் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்க்கையில் அந்த அளவு வெட்கப்பட்டதில்லை. டி.எஃப்.ஓ.வின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அவங்க மேல தப்பில்லீங்க. தண்ணிய மட்டும் ஊத்து, எதையும் தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் கேக்கல. ரேஞ்சர் ஐயா சொல்லிக் குடுக்கறேன்னாரு, அதையும் வேணான்னுட்டேன். எனக்குச் சந்தனத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அந்த எட்டு நாளில் நான் சொன்ன முதல் உண்மை. டி.எஃப்.ஓ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கெம்பம்மாவிடம், "ஏதாவது பிழைக்குமா?" என்றார்.

கெம்பம்மா அதற்குள் நாலு கூடையைக் கீறிப் பார்த்துவிட்டார். "தண்டுல பச்சை இருக்கறது பொழைக்கும் ஐயா. நெழலுக்கு மாத்தணும். தொவரை மொளைச்சு வர்றதுக்கு நாளாவும். ஏரிக்கரைல பொன்னாங்கண்ணி கெடக்குது, அது சட்டுனு வேர் புடிக்கும். கூடைக்கு ரெண்டு தண்டு நட்டா, சந்தனம் அதுல வாய் வெச்சுக்கும்."

"செய். இவனை வெச்சுக்கோ. சொன்னதைச் செய்யலைன்னா எனக்குக் கடிதம் எழுது" என்றார் டி.எஃப்.ஓ. "இவனுக்கு மட்டும் இனிமே காகிதம் கொடுக்காதீங்க" என்று ரேஞ்சருக்கும் ஓர் உத்தரவு.

அதன்பிறகு ஒரு மாதம் நான் செய்த வேலையை அப்பா பார்த்திருந்தால் என்னைத் தலைமுழுகியிருப்பார். முழங்கால் சேற்றில் நின்று பொன்னாங்கண்ணி பறித்துவந்து, கூடை கூடையாக நட்டேன். களை பிடுங்கியே பழகிய கை, அரசாங்கச் செலவில் களை நட்டது. நடுவில் ஒரு புல்லைப் பிடுங்கக் கை போனால், "சாமி!" என்று கெம்பம்மாவின் குரல் வரும். சான்று ஒன்று முதல் பதினாறு வரை முனியம்மாவின் எருமை தின்று தீர்த்தது.

ஆடியில் டி.எஃப்.ஓ. மறுபடி வந்தபோது முந்நூற்றுச் சொச்சம் கன்றுகள் புதுத் துளிர் விட்டிருந்தன. கன்றுகளையும் கெம்பம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கெம்பம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுதது நான். (வெயில் என்று சமாளித்தேன்.)

அந்தக் கன்றுகளைக் குன்றில் நட்டோம், ஒவ்வொன்றையும் ஒரு புதரின் ஓரமாக. அவை வளர்ந்து காய்த்ததும், பழம் தின்ற பறவைகள் விதையைப் பரப்பி மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருஷம் ஆனது. என் முதல் கடிதத்தை ரேஞ்சர் பத்திரமாக வைத்திருந்து, புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு வாட்சருக்கும் முதல் பாடமாக வாசித்துக் காட்டினார். அந்தச் சபைக்கு என்னையும் கூப்பிடுவார், 'இத்தீய பயிரை' என்ற இடம் வரும்போது எழுந்து நிற்க வேண்டும்.

கல்யாணமான மறுவாரமே கதை என் மனைவி காதுக்கு எட்டியது. அதிலிருந்து எங்கள் வீட்டில் நன்றாக நடக்கும் காரியத்தில் யார் மூக்கை நுழைத்தாலும், "தொவரையப் புடுங்காதே" என்பதுதான் பேச்சு. கொஞ்ச நாள் முன்பு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு ஷிப்ட், பேரனை வளர்ப்பதெல்லாம் சம்பந்தியம்மாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே? "நீங்க ரெண்டு பேரும் தனியாப் போயிட்டாத்தான்மா நல்லா முன்னுக்கு வர முடியும்" என்று மகளிடம் தொடங்கினேன்.

"அப்பா, தொவரையப் புடுங்க வந்துட்டியா?" என்றாள் அவள்.

சமையலறையிலிருந்து சம்பந்தியம்மாள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். வாயை மூடிக்கொண்டு இலையில் உட்கார்ந்தேன். சம்பந்தியம்மாள் சாதத்தில் சாம்பாரை ஊற்றிவிட்டு, முகத்தை ரொம்ப சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"பயப்படாம சாப்புடுங்கண்ணா. இது கடையில வாங்குன பருப்புதான்."