சென்டர் பேரிங்குக்குப் பிறந்தநாள்

"இன்னும் இறுக்குடி!" என்று கத்தினாள் பிரேமளா.

"இறுக்கிட்டுத்தான் இருக்கேன்! நீ மொதல்ல வீடியோ எடுக்கறத நிறுத்து!"

பிக்அப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள் தர்மினி. பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்தின் கரிய மண் அவள் சட்டைக்குள் ஜில்லென்று ஏறிக்கொண்டிருந்தது. கையில் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு. கண்ணுக்கு நேர் மேலே, அப்பா வண்டியின் பின் சக்கரத்தைச் சுழற்றுகிற நீள ஷாஃப்ட், பல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டு தொங்கியது.

அப்பாவின் வண்டி. அதுதான் விஷயமே.

தர்மினிக்கு வயது பதினேழு. லைசன்ஸ் கிடைத்துப் பதினாறு நாள். அம்மாவின் சின்னக் காரை ஓட்டலாம், அதுவும் அப்பா பக்கத்தில் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால். காட்டிலும் சேற்றிலும் ஏறுகிற இந்த ஃபோர்வீலைத் தொடவே கூடாது. அப்பா தயானந்தன் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"இதுல ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வை, ஒன் லைசன்ஸ் என் அலமாரிக்குள்ள போயிரும். காலேஜுக்குப் பஸ்தான். மூணு வருஷம்."

செனாய் வீட்டிலிருந்து காலேஜுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காலை நாலரைக்கு எழ வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் எடுத்தாள். அப்பா மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஜொகூர் பாருவில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்னாசிக்கு நடுவே ஃபோர்வீல் ஓட்டுகிற மாதிரி ஒரே ஒரு வீடியோ போதும் என்று தோழி பிரேமளா கெஞ்சியிருந்தாள். பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்ததில், அடியில் ஏதோ 'டொக் டொக்' என்றது முதலில் தாளம் மாதிரிதான் இருந்தது. பாட்டு முடிந்தது. தாளம் முடியவில்லை.

ஷாஃப்டைக் கயிற்றால் புகைக்குழாயோடு சேர்த்து நன்றாகக் கட்டிவிட்டுத் தர்மினி வெளியே வந்தாள்.

"செட்டல்," என்றாள் பிரேமளா. "நீ எஞ்சினியரே ஆயிரலாம் லா."

வண்டி பத்தடி நகர்ந்தது. சுற்றுகிற பொருளைக் கயிற்றால் கட்டினால் என்ன ஆகும் என்று, ஃபிஸிக்ஸில் ஏ வாங்கியவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷாஃப்ட் கயிற்றை மடமடவென்று சுருட்டி, கயிறு புகைக்குழாயை இழுத்து, குழாய் 'படார்' என்று கொக்கியை விட்டு விழுந்தது. இப்போது இரண்டு சத்தம்.

"அலமாக்," என்றாள் பிரேமளா, வீடியோவை நிறுத்தாமலே.

ரோட்டோரப் பட்டறைக்கு அவர்கள் ஊர்ந்து சேர்ந்தபோது, பட்டறைக்கார ஐயாசாமி சாலையைப் பார்த்தபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"லாரி வருதுன்னு நெனச்சேன்," என்றார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து தர்மினியைப் பார்த்தார். "கயிறு யாரு போட்டது?"

இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

"சென்டர் பேரிங் போச்சும்மா. ரப்பர் கிழிஞ்சு, பேரிங் கழண்டு ஆடுது. அது என்னன்னா..."

"தெரியும் அங்கிள்," என்றாள் தர்மினி அழுகிற குரலில்.

தெரியாமல் இருக்குமா? அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அப்பாவின் பட்டறை. முருங்கைக்காய் ஷாஃப்ட். அதை நடுவில் தாங்குகிற பொரித்த கணவாய் மீன் வளையம் ரப்பர் பேரிங். "இந்த வளையம் பிய்ஞ்சுதுன்னா கத முடிஞ்சுது, வண்டி காட்டுக்குப் போவாது," என்று சொல்லி வளையத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். அம்மாவும் தர்மினியும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாடத்தோடுதான் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஸ்டாக் இல்ல," என்றார் ஐயாசாமி. "செனாய்ல கெடைக்கும். பின்னால போற ஷாஃப்ட முழுசா கழட்டிர்றேன். முன் சக்கரத்துலயே ஓட்டிப் போய் வாங்கிட்டு வந்துருங்க. இந்தச் சின்னக் குச்சி இருக்கு பாருங்க, ஃபோர்வீல் குச்சி, அதப் போட்டு வச்சாத்தான் முன் சக்கரம் சுத்தும். போட்டு விடறேன், அதுல மட்டும் கை வைக்கக் கூடாது."

"சரி அங்கிள்."

"அடையாளம் போட்டுத்தான் கழட்டணும். கழட்டுன மாதிரியே மாட்டலன்னா வண்டி பேய் பிடிச்சாப்ல ஆடும். பெயிண்ட் தீந்து போச்சே..."

பிரேமளா கைப்பைக்குள்ளிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்தாள்.

"ஒரு பொட்டு வைம்மா, போதும்," என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனர் தேடப் போனார். பிரேமளா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் நாலு போல்ட்டுக்கும் சுற்றிச் சுற்றி நாலு நாலு பொட்டு வைத்து, மிச்சமிருந்த இடத்தில் ஒரு பூவும் போட்டிருந்தாள். கண்ணாடி போடாத ஐயாசாமி அதைக் கவனிக்கவில்லை.

செனாய் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பேரிங் வாங்கியாயிற்று. திரும்பும் வழியில் டிராஃபிக் லைட்டில் நின்றபோது தர்மினி டாஷ்போர்டைப் பார்த்தாள். ஃபோர்வீல் விளக்கு பச்சையாக எரிந்தது.

"ஐயோ! தார் ரோட்டுல ஃபோர்வீல்ல ஓட்டவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு!"

"அப்ப மாத்துடி, வண்டி கெட்டுப் போயிரப் போவுது."

பொறுப்பான மகளாகச் சின்னக் குச்சியைத் தள்ளினாள். விளக்கு அணைந்தது. பச்சை சிக்னல் விழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் ஊரையே கூட்டியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. நகராதே. பின் சக்கரத்தைச் சுற்ற வேண்டிய ஷாஃப்ட், பின்னால், தோட்டத்தில் வாங்கிய ஏழு அன்னாசிப்பழங்களோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஹார்ன். இன்னொரு ஹார்ன். ஒரு பஸ்.

"கியர்ல போடு லா!"

"போட்டுத்தான் இருக்கு லா!"

பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். செல்லப்பன் அங்கிள். அப்பாவின் ஃபோர்வீல் கிளப்புக்குத் தலைவர்.

"தயா வண்டியில்ல இது? நீ தர்மினியில்ல? அப்பா எங்க?"

தர்மினியின் வாய் திறந்தது. அதிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"சர்ப்ரைஸ், அங்கிள்!"

"என்ன சர்ப்ரைஸ்?"

"அப்பாவுக்கு இன்னிக்குப் பெர்த்டே. புது சென்டர் பேரிங் வாங்கிப் போடறேன். சொல்லிராதீங்க, ப்ளீஸ்!"

செல்லப்பன் பின்னால் எட்டிப் பார்த்தார். ஷாஃப்டைப் பார்த்தார். பிரேமளா மடியில் கிடந்த பேரிங் டப்பாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எம்மவன் எனக்குப் போன வருஷம் சாக்ஸ் வாங்கித் தந்தாம்மா," என்றார். "சாக்ஸ்!" குச்சியை அவரே சரியாகத் தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒங்க பின்னாலயே வர்றேன். இது நல்லபடியா மாட்டறத என் கண்ணால பாக்கணும்."

பட்டறையில் ஐயாசாமி புதிய பேரிங்கைப் பொருத்தினார். பிறகு ஷாஃப்டைத் தூக்கி, கண்ணாடியைப் போட்டு, அடையாளத்தைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"இது என்னம்மா, கோலமா?"

"எதுவும் விட்டுறக் கூடாதுன்னுதான் அங்கிள்..." என்றாள் பிரேமளா.

முதல் தடவை மாட்டி ஓட்டிப் பார்த்தபோது வண்டி உடுக்கை மாதிரி அதிர்ந்தது. ஐயாசாமியின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி வாயில் நின்றது. அன்னாசிகள் ஒவ்வொன்றாக எம்பி வெளியே குதித்தன. கழற்றி, ஷாஃப்டைப் பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டியதும் அப்படி ஓர் அமைதி. புகைக்குழாயைக் கொக்கியில் ஏற்றிவிட்டு ஐயாசாமி கையைத் துடைத்தார்.

இந்த நேரமெல்லாம் செல்லப்பன் ஓரமாக நின்று யாருக்கோ ஃபோன் பேசிக்கொண்டே இருந்தார். தர்மினி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஐந்தே முக்காலுக்கு வண்டி வீட்டு வாசலில், காலையில் நின்ற அதே இடத்தில், சேறெல்லாம் கழுவி, சாதுவாக நின்றது. ஆறு மணிக்கு அப்பாவின் மோட்டார் வந்தது. வழக்கம்போல ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பிக்அப்பின் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"தர்மினி! அம்மா வந்தாச்சா?"

"இப்பத்தான் வந்தாங்கப்பா!"

தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு பாதியில் இருக்கும்போதே தெருமுனையில் ஆறு ஃபோர்வீல்கள் ஒன்றாக ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பின. முதல் வண்டியிலிருந்து செல்லப்பன் ஒரு கேக்கோடு இறங்கினார். கேக்கின் மேல் டயர் வரைந்திருந்தது.

"ஹேப்பி பெர்த்டே டு யூ..."

தயானந்தன் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"எனக்கா? எனக்கு ஐசி கார்டுல பொறந்த தேதி நவம்பர்ப்பா."

பிரேமளா மெதுவாக வேலிப் பக்கம் நகர்ந்தாள்.

"ஐசி-ய வுடு! அப்பல்லாம் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி இஷ்டத்துக்குப் போட்டதுதான தேதி!" என்றார் செல்லப்பன். "ஒம் பொண்ணுக்குத் தெரியாதா?"

அப்பா யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். செருப்போடு வீட்டுக்குள் ஓடி, சுவர்க் காலண்டரைக் கையோடு பிய்த்துக்கொண்டு வந்தார். விரல் ஒரு கட்டத்தில் வந்து நின்றது.

"சித்திர மாசம்... அனுஷம்..." அவர் காலண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என் நட்சத்திரம்! எங்கம்மாவுக்கு அப்புறம் ஒருத்தரும் ஞாபகம் வச்சதில்லையே! நானே மறந்துட்டனே! நீ பஞ்சாங்கம் பாத்தியாடா கண்ணு?"

"ஆமாப்பா," என்றாள் தர்மினி. பஞ்சாங்கத்தை அவள் எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது என்றுகூட அறியாதவள்.

"அது மட்டுமில்ல," என்று செல்லப்பன் கையை விரித்தார். "வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாரு. புது சென்டர் பேரிங்! ஒம் பொண்ணு போட்டது!"

அப்பா தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கும்போது கண் முழுக்கத் தண்ணீர்.

"எண்ணெய் மாதிரி ஓடுதுப்பா. அது பழசாப் போச்சுன்னு எனக்கே தெரியாது. இவளுக்குத் தெரிஞ்சிருக்கு!" சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி தர்மினியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "ஸ்பேர் சாவி. இனிமே இது ஒன் வண்டியுந்தான். காலேஜுக்கு இதுலயே போ."

ஆறு வண்டிகளும் ஹார்ன் அடித்தன. பிரேமளா வேலியோரத்திலிருந்து வீடியோ எடுத்தாள். தர்மினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கலாக முடிந்தது. டயர் வரைந்த கேக் துண்டை இரண்டே வாயில் விழுங்கினாள்.

"அப்ப பேசி வச்ச மாதிரியே நாளைக்கு காலைல அஞ்சு மணி, கோத்தா திங்கி காடு!" என்று கத்தினார் அப்பா. "ஒருத்தரும் லேட்டா வரக் கூடாது!"

"நாளைக்கு என் தம்பி வீட்டுக் குடிபுகு விசேஷம்," என்றாள் வாசல்படியில் நின்ற அம்மா செல்வராணி. இவ்வளவு நேரமும் அவள் ஒரு துண்டு கேக்கைக்கூடத் தொடவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, ராணி. எம்மவ ஆசையா வாங்கிக் குடுத்த பேரிங்க டெஸ்ட் பண்ண வேணாமா?"

அம்மா உள்ளே போனாள். தர்மினி காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். அம்மா கதவைச் சாத்தினாள். வெளியே கேட்கிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுத்தாள். பிறகு மகளின் காதருகே குனிந்தாள்.

"அவரு நாளைக்கு எந்தம்பி வீட்டுக்கு வந்தே ஆவணும்னு, நேத்து நான் அந்த வண்டிக்கு அடியில படுத்து, மீன் வெட்ற கத்திரிக்கோலால அந்த ரப்பர அறுத்து வச்சேன், விடியறதுக்குள்ள இப்ப நான் எதடி அறுக்கறது, நீயே சொல்லு?"